பதில் கவருக்கு யார் ஸ்டாம்ப் ஒட்டுவது?

அந்தக் கவரை என் கையில் கொடுக்கும்போது கிரேஸ் முகமெல்லாம் சிரிப்பு.

"உங்களுக்குத்தான். பிரிச்சுப் பாருங்க" என்றாள்.

நீளக் கவர். முகவரி என் கையெழுத்து. குத்துக்கல்வலசை, தென்காசி, இந்தியா என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில், இந்தியாவுக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு போட்டு, நான்தான் எழுதியிருந்தேன். தன் கையெழுத்தில் தனக்கே ஒரு கவர் வந்தால் மற்றவர்கள் குழம்புவார்கள். சிற்றலை ரேடியோ கேட்கிற எங்கள் கூட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடல் தாண்டி பதில் வந்துவிட்டது!

எப்போது போட்ட கடிதத்துக்கு என்று கணக்குப் பார்க்கக்கூட நான் நிற்கவில்லை. கவரின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துக் கிழித்தேன். கத்தரிக்கோல் தேடுகிற பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உள்ளே கையை விட்டால் கார்டையும் காணோம், கடுதாசியையும் காணோம். பட்டர் பேப்பரில் மடித்த இரண்டு வெளிநாட்டு ஸ்டாம்புகள் மட்டும் இருந்தன. அவையும் நான் இழுத்த இழுப்பில் நாலு துண்டாகிவிட்டிருந்தன.

அதற்குப் பிறகுதான் கவரின் வலது மூலையைப் பார்த்தேன். நம்மூர் ஸ்டாம்ப். அதன் மேல் தென்காசி முத்திரை.

"பாத்தியளா, போட்ட மறுநாளே வந்துட்டு. நம்ம தெருவுக்குத் தபால் ஒழுங்காத்தான் வருது. இனிமேயாச்சும் அந்தப் போஸ்ட்மேனைக் கரிச்சுக் கொட்டாதீங்க" என்றாள் கிரேஸ்.

நான் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். என் வண்டிச் சாவி போச்சு என்பதுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றிய ஒரே நினைப்பு.

கவருக்கும் வண்டிச் சாவிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

குழாயும் அருவியும்

போன வாரம், சீசனில் எங்கள் லாட்ஜுக்கு வந்து இறங்கிய கல்யாண கோஷ்டியைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதும்போது, சாயங்காலமானால் நான் ரேடியோவும் ஹெட்போனுமாக உட்கார்ந்துவிடுவேன் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். கல்யாண கோஷ்டியை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள் வாசகர்கள். செல்போனிலேயே உலகத்து ரேடியோ எல்லாம் வருகிறதே அண்ணாச்சி, பிறகு எதற்கு இந்தக் கிறுக்கு என்று கேட்கிறார்கள்.

வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வருகிறது. பிறகு எதற்கு அத்தனை ஊர்க்காரர்களும் பஸ் பிடித்துக் குற்றாலத்துக்கு வருகிறார்கள்? அவ்வளவுதான் என் பதில்.

சிற்றலை என்பது வானத்தில் முட்டி, கடலில் முட்டி, தட்டுத் தடுமாறி வருகிற சத்தம். இன்றைக்கு வரும், நாளைக்கு வராது. எங்கேயோ ஒரு தீவில் யாரோ ஒருவர் தன் ஊர்க்காரர்களுக்கு மீன் விலையும் வானிலையும் சொல்லிக்கொண்டிருப்பார். அது நம் மொட்டை மாடிக் கம்பியில் வந்து மாட்டும். அவருக்கு நான் கேட்பது தெரியாது. தெரியப்படுத்துவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி ருசி.

அதற்கு ஒரு முறை உண்டு. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன அலைவரிசை, இன்னது கேட்டேன் என்று ஒரு ரிப்போர்ட் எழுதி அனுப்ப வேண்டும். சும்மா 'நன்றாக இருந்தது' என்று எழுதினால் குப்பைக்குப் போகும். கேட்டால் மட்டுமே தெரிகிற ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். அவர்கள் சரிபார்த்து, 'ஆமாம், நீர் கேட்டது எங்களைத்தான்' என்று ஒரு படம் போட்ட கார்டு அனுப்புவார்கள். அந்தக் கார்டுக்காகத்தான் இந்த உலகத்தில் பல ஆயிரம் பேர் என்னைப் போலக் கிறுக்குப் பிடித்து அலைகிறார்கள்.

அருவிக் காது

நான் குற்றாலத்தில், பெரிய அருவிக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு சின்ன லாட்ஜுக்கு முப்பது வருஷம் மேனேஜராக இருந்தவன். சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, வெந்நீர் வரவில்லை என்று கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்துவது, இதுதான் உத்தியோகம். சீசனில் அருவி இரைச்சல் ரிசப்ஷனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதிதாக வருகிறவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். எனக்கு அது வேண்டியதே இல்லை. வாயை அசைத்தாலே போதும், டபுள் ரூமா, எண்ணெய்க் குளியலா என்று சொல்லிவிடுவேன். இரைச்சலுக்குள்ளே குரலைப் பிரித்தெடுக்கிற காது என் காது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ரேடியோவில் என்னால் கேட்க முடிகிற மெல்லிய நிலையங்கள் மற்றவர்களுக்குக் கேட்பதில்லை என்பதில் இன்னும் கொஞ்சம் கர்வம்.

ஓய்வு பெற்றதும், இரண்டு வருஷத்துக்கு முன்னால், குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். வந்த நாள் முதல் எனக்கு மூன்று மனக்குறை. ஒன்று, புதிதாக மாட்டிய காலிங் பெல் ஒரு நாள் கூட வேலை செய்யவில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவன் கிரேஸ் முகத்தைப் பார்த்தான், கிரேஸ் அவனைப் பார்த்து, "நீ போப்பா, அப்புறம் பாத்துக்கிடலாம்" என்று அனுப்பிவிட்டாள். இரண்டு, போஸ்ட்மேன். ஒரு நாள் கிரேஸ் கோயிலுக்குப் போயிருந்த நேரம் எனக்கு வந்த ரிஜிஸ்தர் தபாலை, கதவு பூட்டியிருந்தது என்று எழுதித் திருப்பிவிட்டான். நான் ஹாலில்தான் உட்கார்ந்திருந்தேன்! கேட்டால், "பெல் அடிச்சேன் அண்ணாச்சி, யாரும் வரல" என்கிறான். கெட்டுப்போன பெல்லை அடித்தானாம். மூன்றாவது, கிரேஸ். வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் சும்மா வரமாட்டாள். வலது தோளைத் தட்டுவாள், இடது தோளைத் தட்டுவாள். எரிச்சலாக வரும்.

போன சீசன் ஆரம்பத்தில் ஒரு நாள் தனியாகப் போனேன். மேலகரம் பக்கம் பின்னால் செங்கோட்டை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. நான் நடு ரோட்டில் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தேன். உரசினாற்போல் தாண்டிப் போனது பஸ். கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "யோவ் பெரிசு, காது என்ன செவிடா?" என்றான். அது மட்டும் நன்றாகக் கேட்டது.

எனக்கு ஒரே மகள். மருமகன் சாமுவேல் திருவேங்கடத்தில் சப்-இன்ஸ்பெக்டர். போலீஸ்காரனை மருமகனாக எடுத்தால் ஊரில் நடப்பதெல்லாம் நமக்குத் தெரியும் என்று நினைத்தேன். நம்மைப் பற்றி அவனுக்குத் தெரிந்துவிடும் என்பது அப்போது புரியவில்லை. யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தான், சாப்பிட்டான், ஆணியில் தொங்கிய என் வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. காது டாக்டரைப் பாத்து மிஷின் மாட்டுங்க. பொறவு சாவியத் தாரேன்."

முப்பது வருஷம் ஊரார்க்கெல்லாம் சாவி கொடுத்தவன் நான். என் சாவி திருவேங்கடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவமானமாக இருந்தது, வேறென்ன சொல்ல.

எந்த ஊர் மழை?

அடுத்த வாரம் மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். பொழுது சாயும் நேரம். சாரல் காற்று ஜன்னலைத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் மாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருகிக்கொண்டிருந்தேன்.

பசிபிக் கடலில் ஒரு தீவு. பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே இங்கிருந்து பத்துப் பேர் ரிப்போர்ட் அனுப்புவீர்கள், அங்கே பதில் எழுத ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார். பல வருஷமாக அந்த நிலையத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மாட்டியது. முதலில் கோரஸாக ஒரு பாட்டு. அலை வருவதும் போவதுமாக இருந்தது. பிறகு ஒரு பெண் குரல், அன்றைய ஒலிபரப்பு முடிந்தது என்று சொன்னது. அவர் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம். தடதடவென்று, விட்டு விட்டு, ஒரு வேகம் பிடித்து, பிறகு தணிந்து. ரேடியோ கரகரப்பு அப்படி இருக்காது. தகரத்தில் மழை!

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

"ஏட்டி கிரேஸ், அங்கன மழை பெய்யுதுட்டி!"

"இங்கனயும்தான் பெய்யுது. மாடில துணி கெடக்கு, எடுத்தியளா?" என்றாள்.

சாமுவேல் சிரிக்கவில்லை. விசாரணை நடத்துகிற முகத்தோடு ஜன்னலைத் திறந்து காட்டினான். பக்கத்து வீட்டு பைக் ஷெட்டில் சாரல் தடதடத்துக்கொண்டிருந்ததாம்.

"மாமா, நீங்க கேட்டது அந்தத் தகரம்."

"மாப்ளே, காதுல ஹெட்போன் மாட்டிருக்கும்போது பக்கத்து வீட்டுச் சாரல் எனக்குக் கேட்டுச்சுன்னா, என் காது நல்லாருக்குன்னுதான அர்த்தம்? சாவியக் குடுங்க!"

அவன் ஜன்னலை இழுத்துச் சாத்தினான். என் மகள் உள்ளே போய்ச் சிரித்தாள்.

"சரி மாமா. சாட்சி வேணும்லா? அந்த ரேடியோக்காரங்க, ஆமா மழை பெஞ்சதுன்னு எழுதிக் குடுத்தா சாவி உங்களுக்கு. கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம். வரலன்னா நீங்க மிஷின் மாட்டணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். வேறு வழி?

பச்சை ஸ்டாம்ப்

இங்கேதான் தபால் செலவு வருகிறது.

அந்தத் தீவு நிலையத்தில் மின்சார பில் கட்டவே திண்டாட்டம் என்று கேள்வி. உலகத்தின் மறுகோடியில் எவனோ மழைச் சத்தம் கேட்டான் என்பதற்காக அவர்கள் ஸ்டாம்ப் வாங்கி ஒட்டமாட்டார்கள், ஒட்டச் சொல்வதும் நியாயமில்லை. ஆகவே பதிலுக்கான தபால் செலவை நாமே அனுப்ப வேண்டும். நம் முகவரி எழுதிய கவரையும் உள்ளே வைக்க வேண்டும். அது மரியாதை.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒரு தப்பைப் பண்ணுவார்கள். பதில் கவரில் அழகாக நம்மூர் ஸ்டாம்பை ஒட்டி அனுப்புவார்கள். அந்த ஊர்த் தபால்காரருக்கு நம் ஸ்டாம்பும் தீப்பெட்டிப் படமும் ஒன்றுதான். அவர்கள் நாட்டுத் தபால் பெட்டியில் போட அவர்கள் நாட்டு ஸ்டாம்ப் வேண்டும். அதை இங்கே இருந்துகொண்டு எப்படிக் கொடுப்பது? யோசிக்க யோசிக்க எனக்கு இதில் ஒரு சுவாரசியம். ஒரு சின்ன அட்டைக்காக, முன்பின் தெரியாத இரண்டு பேர், இரண்டு அரசாங்கங்களின் ஸ்டாம்பை மாற்றிக்கொள்ள வழி தேடுகிறார்கள்.

வழி இருக்கிறது. பன்னாட்டுப் பதில் கூப்பன் என்று ஒன்று. இங்கே வாங்கி அனுப்பினால் அங்கே தபாலாபீசில் கொடுத்து ஸ்டாம்பாக மாற்றிக்கொள்வார்கள். நம்மூரில் கேட்டேன், கைவசம் இல்லை என்றார்கள். இன்னொரு வழி, கவருக்குள் ஒரு டாலர் நோட்டை வைத்துவிடுவது. எங்கள் கூட்டத்தில் அதற்குச் செல்லப் பெயர் பச்சை ஸ்டாம்ப். சாமுவேல் காதில் இது விழுந்ததுதான் தாமதம், எழுந்து நின்றுவிட்டான்.

"மாமா, தபால்ல பணம் வைக்கக் கூடாது. வெளிநாட்டுப் பணம் வேற. மாமனார நானே புடிச்சு உள்ள போட்டா ஊருல என்ன பேசுவாங்க?"

மூன்றாவது வழிக்குச் செங்கோட்டைக்குப் போனேன், பஸ்ஸில். அங்கே என் சிநேகிதன் கோபாலன் இருக்கிறான். ஸ்டாம்ப் சேகரிப்பது அவன் கிறுக்கு. பேச்சில் பாதி அந்தப் பக்கத்து மலையாளம் கலந்து வரும். தீவின் பெயரைச் சொன்னதும் ஆல்பத்தைப் புரட்டினான். முத்திரை விழாத ஸ்டாம்ப் இரண்டே இரண்டு இருந்தன. ஒன்றில் ஆமை, ஒன்றில் படகு.

"இதுக்கு மேல எங்கிட்ட இல்லவே. பதிலுக்கு இது ரெண்டும் மதி, போதும். ஆனா ஒண்ணு, கார்டு வந்தா எனக்கும் காட்டணும்" என்றான். ஆமையை அவன் கொடுத்தபோது விரல் விட மனசில்லாமல் விட்டதைப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

ஸ்டாம்பைப் பட்டர் பேப்பரில் மடித்துப் பதில் கவருக்குள் வைத்தேன். அதை ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பெரிய கவருக்குள் வைத்தேன். ரிப்போர்ட்டின் கடைசி வரியில், 'பதில் கவரும் உங்கள் நாட்டு ஸ்டாம்பும் இத்துடன் இணைத்துள்ளேன்' என்று பெருமையாக எழுதினேன். எடை போட்டபின் ஒட்டிக்கொள்ளலாம் என்று கவரை ஒட்டாமல் கிரேஸிடம் கொடுத்தேன். எனக்குத்தான் வண்டி கிடையாதே. அவள் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் தபாலாபீஸ்.

இரண்டு கவரா, ஒரு கவரா?

இப்போது சோபாவுக்கு வருவோம்.

"ஏட்டி, இத எதுக்குத் தனியா எடுத்துப் போட்ட?" என்று கேட்டேன்.

"நீங்கதான சொன்னிய! போஸ்ட்மேன் நம்ம வீட்டுக்கு வாரானா இல்லையான்னு, நமக்கு நாமே ஒரு தபால் போட்டுப் பாப்போம்னு. நாலு நாளா அதே பேச்சு. கவரப் பாத்தேன், நம்ம அட்ரஸ். சரி, மறந்து போயி அந்தக் கவருக்குள்ள திணிச்சிட்டாருன்னு நெனச்சேன். ஸ்டாம்பும் ஒட்டல. நானே வாங்கி ஒட்டி, ரெண்டையும் சேத்துப் பெட்டில போட்டேன்."

அவள் சொல்வதில் ஒரு குற்றமும் இல்லை. ரிஜிஸ்தர் தபால் திரும்பிப் போனதிலிருந்து நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உலகத்தில் எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. புருஷன் ரேடியோக் கிறுக்காகவும் போஸ்ட்மேனோடு சண்டைக்காரனாகவும் ஒரே சமயத்தில் இருந்தால்தான் நடக்கும்.

விஷயத்தை விளக்கியதும் கிரேஸ் முகம் வாடிவிட்டது. "அய்யோ, அப்ப அந்தக் கவர் பதில் ஸ்டாம்பு இல்லாமயா போயிருக்கு?" என்றாள். கிழிந்த ஆமையை மேசையில் வைத்து ஒட்டுப் போட்டுப் பார்த்தாள். ஆமை ஒட்டிக்கொண்டது. ஸ்டாம்ப் ஆகவில்லை.

அந்த நிலையத்துக்கு ஒரு ஈமெயில் முகவரி இருந்தது. மன்னிக்கவும், கவர் விட்டுப்போயிற்று என்று எழுதினேன். போகாமல் திரும்பிவந்துவிட்டது. கோபாலனுக்குப் போன் போட்டேன். ஆமைக்கு என்ன ஆயிற்று என்று சொன்னதும், "உம்ம கையில கொடுத்தேன் பாரும், என்னையச் சொல்லணும்" என்றான்.

தெரியாத ஒருவர்

சீசன் முடிந்தது. அருவியில் தண்ணீர் நூலாகி, பிறகு ஐப்பசி மழையில் மறுபடி ஆக்ரோஷமாக விழுந்தது. நான் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் எனக்கு ஆத்திரம்தான் இருந்தது. நாள் போகப் போக அது வேறு மாதிரி ஆயிற்று. அந்தப் பெண்மணியோ, அங்கே தபால் பார்க்கிற யாரோ, என் கவரைப் பிரித்திருப்பார். பதில் கவர் இணைத்துள்ளேன் என்ற வரியைப் படித்திருப்பார். கவரை உதறிப் பார்த்திருப்பார். ஒன்றும் விழுந்திருக்காது. அந்த நேரத்தில் என்ன நினைத்திருப்பார்? ஏமாற்றுக்காரன் என்றா? மறதிக்காரக் கிழவன் என்றா? அவர் சம்பளத்தில் ஒரு ஸ்டாம்ப் என்பது எவ்வளவு பெரிய விஷயம்? குத்துக்கல்வலசை என்ற பெயரை அவர் எப்படி வாசித்திருப்பார்? இதையெல்லாம் யோசித்துக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பேன். பந்தயம் கூட மறந்துவிடும். யாரென்றே தெரியாதவனுக்காகத் தன் கையிலிருந்து ஸ்டாம்ப் ஒட்டுகிற ஆள் இந்தக் காலத்தில் இருக்கிறாரா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது.

சாமுவேல் வரும்போதெல்லாம், "மாமா, சாட்சி வந்தாச்சா?" என்பான். சம்மன் அனுப்பியிருக்கு என்பேன்.

லாட்ஜில் அறை முன்பதிவு பண்ணிவிட்டு வராமல் போகிறவர்களுக்காக ராத்திரி பத்து வரை சாவியை எடுத்து வைத்திருப்பேன். முதலாளி திட்டுவார். வருவார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை. பாதிப் பேர் வந்ததும் உண்டு.

பெல்

கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டிய வாரம் அது. காலை பத்து பதினொன்று இருக்கும். ஹாலில் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கிரேஸ் பின்கட்டில் கேக்குக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். தற்செயலாகத் தலையைத் தூக்கினேன்.

கேட்டில் போஸ்ட்மேன் நின்றான். பெல்லில் விரலை வைத்து அழுத்தினான். எடுத்தான். மறுபடி அழுத்தினான். வாய் அசைந்தது. கெட்டுப்போன பெல்லை அழுத்துகிறானே, முட்டாள், என்று எழுந்திருக்கப் போனேன்.

அதற்குள் பின்கட்டிலிருந்து கிரேஸ் கையைத் துடைத்துக்கொண்டே விறுவிறுவென்று வந்து, என்னைத் தாண்டிக் கேட்டுக்குப் போனாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். பின்கட்டிலிருந்து கேட் தெரியாது. அவள் எப்படி வந்தாள்?

வாசலுக்குப் போனேன். "எத்தன நேரமா பெல் அடிக்கேன், கூப்பிடுதேன். அண்ணாச்சி ஜன்னல்லதான இருந்திய?" என்றான் போஸ்ட்மேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதால் அதெல்லாம் தெளிவாகக் கேட்டது. "வெளிநாட்டுத் தபாலு. ஸ்டாம்பு பத்தலையாம். பாக்கியக் கட்டிட்டுத்தான் வாங்கணும், இல்லன்னா பெட்டில போட்டுட்டுப் போயிருப்பேன்."

"நான் எடுத்த கவருக்கு நானே கட்டுதேன்" என்று கிரேஸ் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்தாள்.

கவர் வேறு யாருடைய கையெழுத்திலோ இருந்தது. குத்துக்கல்வலசையில் இரண்டு எழுத்து கூடுதல். ஆமை ஸ்டாம்பு ஒன்று, பறவை ஸ்டாம்பு ஒன்று. இந்த முறை கத்தரிக்கோலால் வெட்டினேன். கார்டில் பாய்மரப் படகுப் படம். பின்னால் பேனாவால் எழுதியிருந்தார்கள்.

உங்கள் ரிப்போர்ட் சரி. அன்று கடைசி அறிவிப்பின்போது இங்கே மழை. எங்கள் ஸ்டுடியோவுக்குத் தகரக் கூரை, இரைச்சலுக்கு மன்னிக்கவும். நீங்கள் சொன்ன பதில் கவரைத் தேடினோம், வழியில் எங்கோ விழுந்துவிட்டது போலிருக்கிறது. மேசையில் இருந்த ஸ்டாம்பை ஒட்டியிருக்கிறேன், போதும் என்று நினைக்கிறேன். இவ்வளவுதான்.

வழியில் விழுந்துவிட்டதாம். என்னைச் சந்தேகப்படவே இல்லை அந்த மனுஷர். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிரேஸும் படித்தாள். "பெஞ்சிருக்குங்க! நெசமாவே அங்கன பெஞ்சிருக்கு!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பெல்லைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

சனிக்கிழமை சாமுவேல் வந்தான். கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தான். வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"ஒத்துக்கிடுதேன் மாமா. சாட்சி பலமா இருக்கு."

கிரேஸ் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவி திரும்பத் திருவேங்கடம் போய்விடும். அவள் வாயைத் திறக்கவில்லை. என் தோளைத் தட்டித் தட்டி இந்த ரோட்டில் என்னை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது யார் என்று எனக்கு அப்போது தெரிந்தே இருந்தது.

"ஹெட்போனுக்கு வால்யூம் இருக்கு மாப்ளே. போஸ்ட்மேனுக்குக் கிடையாது. பஸ்ஸுக்கும் கிடையாது" என்றேன். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். திங்கக்கிழமை லீவு போட்டுட்டு வாங்க. என்னையப் பின்னால உக்கார வச்சு அந்தக் காது டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

அவன் ஒன்றும் புரியாமல் கிரேஸைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு கேட் வரைக்கும் போனேன். பெல்லில் விரலை வைத்து அழுத்தினேன். விரலில் லேசாக ஓர் அதிர்வு, அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் கிரேஸ் வாசலுக்கு வந்து நிற்கிறாள்.

"அது என்ன சத்தம்ட்டி போடும்?"

"குருவி."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா. பாவம், அந்த எலெக்ட்ரீஷியன் நல்லாத்தான் மாட்டிட்டுப் போயிருக்கான்."